தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். யாளியும், முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரையும், அதன் மேல் வீரனுமாகச் செதுக்கிய அந்தத் தூண்கள் அன்றைய வெள்ளைக்காரர்களை நன்றாகவே மயக்கியிருக்கின்றன. அந்தக் காலத்துக் கோயில் படங்களையும் கோட்டைப் படங்களையும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தூண் ஓரமாகவோ படிக்கட்டிலோ ஓர் ஆள் நிற்பார். முண்டாசு, இடுப்பில் வேட்டி, மேலே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. தூண் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டவர் அவர். மண்டபத்தின் பெயர் படத்துக்கு அடியில் இருக்கும். எடுத்தவர் பெயர்கூடப் பல படங்களில் இருக்கும். நிற்கிறவர் பெயர் இருக்காது.

வேலூரும் இருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் பழைய படங்களைத் தேடிப் பார்ப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். பார்க்கப் பார்க்க என் கண் தூணை விட்டு அந்த ஆளிடமே போகிறது. கோட்டை இன்றும் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆளை அந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. அரிய படம் என்று நாம் எதைச் சொன்னாலும், அதில் அரியது அவர்தான். அவரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும் என்றால் அது இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

அவர் ஏன் அப்படி விறைத்து நிற்கிறார் என்பதற்கு எளிய காரணம் உண்டு. 1850களில் தொடங்கி ஏறத்தாழ 30 வருஷம் பெரும்பாலும் ஈரக் கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுத்தார்கள். கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தைத் தகட்டில் ஊற்றி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறையும் கூடவே வர வேண்டும் என்பதால் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தப் பசை எவ்வளவு சீக்கிரம் காய்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லென்ஸ் மூடியைக் கையால் திறந்து, சில விநாடி விட்டு மூடுவார்கள். அந்தச் சில விநாடியும் அசையாமல் நின்றவர்தான் படத்தில் பதிவார். நடந்து போனவர் புகைபோலத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார்.

அந்தக் காலத்துக் கடைவீதிகளும் கோட்டை வாசல்களும் படத்தில் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பட்டாளம் தங்கியிருந்த ஊர் வேலூர். குதிரைக்குப் புல் கொண்டு வந்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சலவைக்காரர்கள், மோர் விற்றவர்கள் என்று எந்நேரமும் நடமாட்டம் இருந்திருக்கும். இப்படிப்பட்ட படங்களைக் கணினியில் பெரிதாக்கினால் தரையோடு தரையாக மெல்லிய கறைகள் தெரியும். ஒவ்வொரு கறையும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர்.

படத்தில் இல்லாததும் பேசும். 1981 மார்ச்சுக்கு முன்பு எடுத்த கல்யாண மண்டபப் படம் எங்கே கிடைத்தாலும் அதில் எண்ணெய்ப் பிசுக்கு, குங்குமக் கறை, அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்கள் என்று எதுவும் இருக்காது. ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக அங்கே சுவாமி இல்லை. கோட்டை கைமாறிக் கைமாறி, கோயில் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981இல் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டுப் பிரதிஷ்டை ஆன பிறகுதான் வழிபாடு மறுபடி தொடங்கியது. இன்று பிரதோஷக் கூட்டத்தில் நெருக்கியடித்துப் போகும் பிள்ளைகளிடம் பழைய படத்தைக் காட்டினால், "இது நம்ம கோயிலா?" என்று கேட்கிறார்கள். சிற்பம் அதேதான். மாறியது அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை.

இனி, இல்லாத படங்கள். ஒவ்வொரு ஜூலை 10ஆம் தேதியும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் "1806 வேலூர்ப் புரட்சியின் அரிய புகைப்படம்" என்று ஒன்று வரும். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தது அதற்கு 33 வருஷம் முன்பு. அந்த அதிகாலையையும், ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப் படையோடு வந்து நடத்திய படுகொலையையும் எந்தக் கேமராவும் பார்த்ததில்லை. எங்கள் குழுவில் சுற்றியது, பெலிஸ் பியட்டோ 1858இல் லக்னோ சிக்கந்தர் பாக்கில் எடுத்த படம். இடிந்த மாளிகைக்கு முன்னால் எலும்புகள் சிதறிக் கிடக்கும். 1857 கிளர்ச்சியில் அங்கே சண்டை நடந்து மாதக்கணக்கில் ஆன பிறகு போன பியட்டோ, காட்சிக்காக எலும்புகளை வெளியே எடுத்துப் பரப்ப வைத்தார் என்று சொல்லப்படுகிறது.

அனுப்பியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர்ப்பற்றில்தான் அனுப்புகிறார். ஆனால் லக்னோவில் செத்தவர்களின் எலும்பை வேலூரில் செத்தவர்களுடையது என்று சொன்னால் இரண்டு பேருக்கும் அநியாயம். தலைப்பாகையை மாற்று, நெற்றிக் குறியை அழி, தாடியை எடு என்று வந்த உத்தரவை எதிர்த்துக் கேட்டவர்களுக்கு முகம் இல்லாமல் போனது நமக்கு இழப்புதான். அந்த இடத்தை வேறு யாருடைய முகத்தாலும் நிரப்பக் கூடாது.

இதே கோட்டையில் 1816இலிருந்து சிறை வைக்கப்பட்டிருந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கருக்கும் புகைப்படம் கிடையாது. 1832இல் இறந்தார், கேமரா வருவதற்கு ஏழு வருஷம் முன்பு. பாலாற்றங்கரை முத்து மண்டபம்தான் அவருக்கு இங்கே இருக்கும் அடையாளம்.

தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். வட ஆர்க்காடு என்று பழைய படத்தின் அடியில் இருந்தால் உடனே வேலூர் என்று நினைத்துவிட வேண்டாம். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும் வரை சித்தூர்தான் மாவட்டத் தலைநகர். திருப்பதியும் காளஹஸ்தியும் சந்திரகிரியும் வட ஆர்க்காட்டில் இருந்தன. ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணியும் அப்படித்தான். 1911இல் சித்தூரோடு போன அந்த ஊர் 1960இல்தான் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. திருவண்ணாமலை அன்று தென் ஆர்க்காடு. அதனால் திருவண்ணாமலைக் கோபுரத்தின் பழைய படத்தை வட ஆர்க்காட்டுத் தொகுப்பில் தேடினால் கிடைக்காது. 1989இலும் 2019இலும் மாவட்டம் மறுபடி மறுபடி பிரிந்ததில் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. தாலுகா பெயரை வைத்துத் தேடுவதே நல்லது.

இனிச் சொல்லப் போவது எனக்குக் கஷ்டமான விஷயம். தாது வருஷப் பஞ்சம்.

1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த அந்தப் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் கடுமையாகத் தாக்கியது. எங்கள் ஆயா காலத்தில்கூட, தட்டில் சோறு மிச்சம் வைத்தால் "தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரியும்டி ஒனக்கு" என்பார்கள். ஆயா பார்த்ததில்லை, அவர் பாட்டி சொல்லிக் கேட்டது. இந்தப் பஞ்சத்துக்குப் படங்கள் இருக்கின்றன. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னைக் குதிரைப்படை அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுக்குழுவாகச் சேர்த்து, உட்கார வைத்து, சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார். விலா எலும்பை ஒன்று ஒன்றாக எண்ணலாம். குழந்தை எது, கிழவர் எது என்று சட்டென்று தெரியாது.

அந்தப் படங்களை முதலில் பார்த்தபோது நான் உடனே மூடிவிட்டேன். பிறகு நிதானமாகப் பார்க்கப் பார்க்க, எனக்குத் தெரிந்தது பஞ்சம் மட்டும் இல்லை. நிற்கக்கூடத் தெம்பு இல்லாதவர்களை யாரோ தூக்கி வந்து வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு நேரம் ஆகியிருக்கும். யார் முன்னால், யார் பின்னால் என்று ஒருவர் கை காட்டியிருப்பார். கேமராவுக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நின்றவரையும் சேர்த்தே அந்தப் படம் காட்டிக்கொடுக்கிறது. ஹூப்பர் மேல் அந்தக் காலத்திலேயே கண்டனம் எழுந்தது. பின்னர் 1886இல் பர்மாவில், சுட்டுக் கொல்லப்படுகிறவர்களைக் குண்டு பாயும் தருணத்தில் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார் என்று அவர் மேல் விசாரணையே நடந்தது.

ஆனாலும் அந்தப் படங்கள் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று வைஸ்ராய் அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு காகிதத்தில் வெறும் எண்ணாகத்தான் இருக்கும். அதன் பொருள் என்ன என்பதை இந்த உடம்புகள்தான் சொல்கின்றன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1ஆம் தேதி ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். 20 வருஷம் கழித்து அதே மாகாணத்தில் ரயில் பாதை இருந்தும் லட்சக்கணக்கில் செத்தார்கள். தானியம் இல்லாமல் மட்டும் சாகவில்லை, விலை கொடுத்து வாங்க முடியாமல் செத்தார்கள். ரயில் படத்தைப் பகிர்கிறவர்கள் பஞ்சப் படத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அதை "அதிர்ச்சிப் படம்" என்று தலைப்பிட்டு, முகத்தை மட்டும் வெட்டிப் போடாதீர்கள். ஒரு முறை நிறுத்தி வைக்கப்பட்டவர்களை நாமும் மறுபடி நிறுத்தி வைப்பதுபோல் ஆகிவிடும்.

படம் எடுத்தவர் நல்ல மனசோடு எடுத்திருந்தாலும் பெயர் இல்லாமல் போவது நடந்திருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவர் கட்டியதுதான் இன்றைய சிஎம்சி. குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்ததும், 1909இல் மோட்டார் கார் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சாலையோர வைத்தியப் படங்கள் அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. எனவே டாக்டர் நடுவில் இருப்பார், நோயாளிகள் சுற்றி இருப்பார்கள். நான் பார்ப்பது ஓரத்தில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களை. கட்டுப்போடத் துணி கிழித்தவர்கள், மருந்துப் புட்டி எடுத்துக் கொடுத்தவர்கள், "வாயத் தொறம்மா" என்று தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் சொல்லித் தைரியம் கொடுத்தவர்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்ற காலத்தில், வீட்டை விட்டு வெளியே வந்து வேலை செய்த பெண்கள் அவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் வேலூரில் இருப்பார்கள். தங்கள் பாட்டி அந்தப் படத்தில் இருக்கிறார் என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அரிய படம் என்றால் லண்டன் நூலகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என்னிடம் இருப்பதிலேயே நான் அதிக நேரம் பார்த்த படம் எங்கள் வீட்டுப் படம். காணும் பொங்கல் அன்று பாலாற்றில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, ஓரம் பல்பல்லாக வெட்டிய தாள். அந்த மாதிரி ஓரம் 1950களில் சாதாரணமாக இருந்தது. அப்பா டவுசர் போட்ட பையன், அதனால் வருஷமும் ஏறத்தாழப் பொருந்துகிறது. எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் தூக்குச் சட்டி, வாழையிலை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. பகலில் அதை ஏன் கொண்டுபோனார்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "திரும்பி வர இருட்டிடும்ல? தோப்பு வழியாதானே வரணும்" என்றார்.

படத்தின் இடது ஓரத்தில் பெரியம்மா குனிந்திருக்கிறார். முகம் தெரியவில்லை. கை மட்டும் மணலுக்குள் இருக்கிறது. ஊற்று தோண்டுகிறார். முழங்கை ஆழம்கூட இல்லை, அதற்குள் பளபளவென்று தண்ணீர் தெரிகிறது. தை மாதத்தில், ஆற்றில் வெள்ளமே ஓடாத நாளில், கையால் தோண்டிய குழியில் குடிக்கத் தண்ணீர். பின்னால் பாலத்தின் தூண்கள். மணல் தூணின் அடிப்பாகத்தை மூடி மேலேறி நிற்கிறது. அதே இடத்தில் இன்று நின்று பார்த்தால், அன்று மணலுக்குள் புதைந்திருந்த அடிக்கட்டு ஓர் ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. எவ்வளவு மணல் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்த சித்தப்பாவுக்கு அது ஒரு பொங்கல் படம், அவ்வளவுதான்.

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் வேலூர் என்றால் அந்த வழக்குதான். ஆனால் அந்தத் தண்ணீர் கெடுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வீடுகளின் பரண்களில் கிடக்கும் இப்படிப்பட்ட படங்களில்தான் இருக்கிறது. யாரோ துவைக்கும் படம், மாடு குளிப்பாட்டும் படம், ஆற்றங்கரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் படம்.

பாலாறு எப்போதும் சாதுவாக இருந்ததும் இல்லை. 1903 நவம்பரில் மேலே மைசூர் பக்கத்து ஏரிகள் உடைந்து, வெள்ளம் வாணியம்பாடிக்குள் புகுந்து பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதற்கு அந்த ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே செல்போனோடு பாலத்தில் நின்றது. அன்று எடுத்த படங்களில் எத்தனை இன்று யார் கையில் இருக்கின்றன? போன் மாற்றியபோதே பாதி போயிருக்கும். சீக்கிரமே அதுவும் அரிய படம் ஆகிவிடும் என்பது என் பயம்.

ஸ்டூடியோக்களின் கதை இன்னும் வேதனை. குடியாத்தத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ இருந்தது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் கல்யாணமானதும் அங்கேதான் போய் நின்றார்கள். மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை, ஒரு முக்காலி, அதில் காகிதப் பூ ஜாடி. படத்தின் பின்னால் ரப்பர் முத்திரையும் பென்சிலில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் எத்தனை வருஷம் கழித்தும் நெகடிவை எடுத்து இன்னொரு பிரதி போட்டுக் கொடுப்பார்கள். நான் அந்த எண்ணோடு போனபோது கடை கைமாறி செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி நெகடிவ்களைக் கழுவி சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டார்களாம். பிலிம்களை வெள்ளி எடுக்கிறவர் எடைக்கு வாங்கிப் போனாராம். நெசவாளர்கள், தீப்பெட்டித் தொழிலாளர்கள், தோல் மண்டிக் கணக்குப்பிள்ளைகள் என்று அந்த ஊரின் அரை நூற்றாண்டு முகங்கள் அந்தப் பெட்டிகளில் இருந்திருக்கும். பெயரும் தேதியும் எழுதிய பேரேடோடு.

அதனால் வீட்டில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து பிய்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடியோடே, வெளிச்சம் பிரதிபலிக்காமல் சாய்த்து வைத்துப் படமெடுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பத்தில் இருப்பதை மெதுவாக வெளியே எடுத்துக் காகித உறையில் வையுங்கள். மொட்டை மாடிச் சூடு இறங்கும் பரண் வேண்டாம், கீழ் அலமாரி போதும். ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐக்குக் குறையாமல் செய்யுங்கள். பின்பக்கத்தையும் செய்யுங்கள், முத்திரையும் எண்ணும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் பால்பாயின்ட் வேண்டாம், மெல்லிய பென்சில். எல்லாவற்றுக்கும் முன்னால், எண்பது வயதுக்காரர் ஒருவரை உட்கார வைத்து, படத்தைக் கையில் கொடுத்து, அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். அதை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்தக் குடியாத்தம் ஸ்டூடியோவில் எடுத்த ஆயாவின் படம் ஒன்று இருக்கிறது. ஆயா, தாத்தா, இரண்டு அத்தைகள், ஓரத்தில் பாவாடை தாவணியில் ஒரு பெண். அந்தப் பெண் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். போன மாதம் பெரிய அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்த உடனே சொன்னார். "இவ நம்ம ஜனமே இல்ல. ஸ்டூடியோவுக்கு எதிர்வீட்டுப் பொண்ணு. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு போட்டோக்காரர் கூப்புட்டு நிக்க வெச்சாரு. அவகிட்ட போட்டோவே கெடையாதுன்னு அழுதா, நாங்க ஒரு காப்பி தரோம்னு சொன்னோம். குடுக்கவே இல்ல."

பெயரையும் சொன்னார். கல்யாணமாகிப் போனது பேர்ணாம்பட்டு என்றார், எந்தத் தெரு என்பதுவரை. விசாரித்ததில் அந்த அம்மா நன்றாக இருக்கிறார், மகன் வீட்டில். படத்தை ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரதி போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.